பொம்மையின் தலைக்குள் இருந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நலம் என்றால், அவர் முழங்காலை நானும் என் இடுப்பை அவரும் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடும் அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு நேரத்தில் வேலைக்குப் போனாலும், வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, சண்டை போடவும் கொஞ்சம் நேரம் கிடைத்து, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம்தானே போனில் அவ்வளவு நேரம் பேசினோம், இப்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பேசப் பேச நீ 'ம்', 'ம்' என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்க்கிறாய், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இது 'ம்' போட்டுக் கேட்கிற விஷயம் இல்லை. உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தியை முடித்துவிடுகிறேன். உன் அத்தை மகன் கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாம் தடவை தேறிவிட்டான், ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இன்னமும் அத்தை இறங்கி நின்று கை காட்ட வேண்டியிருக்கிறது. சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. ஆள் வருவதற்கு முன்னால் அப்பா தானே சரி செய்கிறேன் என்று உட்கார்ந்து தரையெல்லாம் தண்ணீராக்கினார், நான்கு துண்டு நனைந்தது, அதைக் குழாய்க்காரரிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் வாயைத் திறக்கவில்லை, கொடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சான்றிதழில் என் பிறந்த தேதி தப்பாக இருந்ததைத் திருத்த ஒரு நான்கு மாடி அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே லிஃப்டுக்கு முன்னால் கூட்டம். தரைத் தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மாள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார், மெக்கானிக் வர அரை மணி ஆகும் என்றார்கள். காவலாளி கதவை இரண்டு கையாலும் தட்டி "பதறாதீங்க, பதறாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்துகிற கத்தலைக் கேட்டால் நன்றாக இருப்பவர்களும் பதறிவிடுவார்கள். உள்ளேயிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் வெளியே கேட்டது. என்னால் சும்மா நிற்க முடியுமா சொல். லிஃப்ட் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் புகார் போனை எடுத்தவள், மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து அடிக்கிற போனை எடுத்து, மெக்கானிக் போய்ச் சேருகிற வரைக்கும் அவர்களைப் பேச்சில் நிறுத்தி வைப்பதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, ஆனால் வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை. காவலாளியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கதவு இடுக்கில் முகத்தை வைத்து ஆரம்பித்தேன். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் சின்ன வயதில், ராத்திரியில் நம் வீட்டுக்கு வருகிற புகார் போனில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நீ பக்கத்தில் நின்று "அம்மா பொம்மையை எடுத்துட்டா" என்று அப்பாவிடம் கேலியாகச் சொல்வாயே, அதேதான். "பெட்டி கீழ விழுந்துடுமோன்னு பயப்படாதீங்க. உங்களுக்குப் பின்னாடி சுவரோரமா ஒரு பெரிய எடை தொங்குது. நீங்களும் பெட்டியும் சேர்ந்தாலும் அதுதான் கனம். அது கண்ணுல படாது, ஆனா எந்நேரமும் உங்களைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். படுக்க வச்சா கண்ணை மூடுற பொம்மை பாத்திருக்கீங்களா? அது எப்படி மூடுதுன்னு நினைக்கிறீங்க? அதோட தலைக்குள்ளயும் இப்படி ஒரு எடைதான் தொங்குது."

இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். பயத்தில் இருப்பவர்களுக்கு யோசிக்க ஒரு பொம்மை கிடைத்தால் மூச்சு கொஞ்சம் நிதானமாகும். ஆனால் அந்தப் பொம்மை யாருடையது, அதன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட்டு மறுபடி லிஃப்டுக்கு வருகிறேன், அந்த அம்மாள் அதுவரை உள்ளேயே இருக்கட்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் தரைத் தளத்தில் பம்ப் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். உன் தாத்தாவுக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. குழாய், விளக்கு, படிக்கட்டு, மொட்டைமாடித் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவர் போவார், நானும் கூடவே போய் வாசலுக்கு உள்பக்கம் நிற்பேன். அவர் குழாயைப் பார்ப்பார், நான் அந்த வீட்டுப் பொம்மைகளைப் பார்ப்பேன். என் அப்பா எனக்கு ஒரே சட்டம்தான் போட்டிருந்தார். "குடுத்தா தொடு, கேக்காத. பாக்குறத யாரும் தடுக்க மாட்டாங்க, நல்லா பாத்துக்க." நல்லா பார்த்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் மாடிவாரியாகச் சொல்வேன். முதல் மாடி வங்கிக்காரர் வீட்டில் தகரப் பேருந்து, ஜன்னல் ஜன்னலாக ஆட்களை வரைந்திருப்பார்கள், ஓட்டுகிற இடத்தில் மட்டும் யாரும் இல்லை, இது எப்படிப் போகிறது என்று எனக்கு ஒரு வருஷம் யோசனை. மூன்றாம் மாடி இரட்டையர்களின் மூன்று சக்கர வண்டிக்கு ஒரு மிதி கிடையாது, ஒருத்தன் மிதிக்க ஒருத்தன் தள்ளுவான். இரண்டாம் மாடியில் பிள்ளையே இல்லாத ஒரு தம்பதி வீட்டில் ஜன்னலோரமாக ஒரு மரக்குதிரை, மேலே துணி போர்த்தியிருக்கும், அது யாருக்காக வாங்கியது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த வீடுகளின் பொம்மைகளில் இருந்த கீறல்கூட எனக்கு நினைவிருக்கிறது, என்னுடையது என்று சொல்ல எது இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. அதையெல்லாம் வைத்திருந்தவர்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்குமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாடியில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அவருடைய மகளுக்கு என் வயது, எட்டு. ஒல்லியாக, உடுப்பில் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் நூல் ஒட்டிக்கொண்டு திரிவாள், எல்லாருக்கும் அவள் நூல்கண்டு. அவள் என்னை மோட்டார் என்பாள், பம்ப் ரூம் பக்கத்தில் இருந்ததால் நான் எப்போதும் கத்தித்தான் பேசுவேன். அவளுடைய அப்பா தூர ஊரில் வேலையாக இருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அப்படி வந்தபோது கொண்டுவந்ததுதான் அந்தப் பொம்மை. முழங்கை நீளம், பழுப்பு முடி, நிறுத்தினால் கண்ணைத் திறக்கும், படுக்க வைத்தால் மூடும். கட்டடத்துக் குழந்தைகள் எல்லாரும் அதைத் தூக்கி, படுக்க வைத்து, தூக்கி, படுக்க வைத்து ஓய்ந்து போனார்கள். எனக்கு மட்டும் ஓயவில்லை. படுத்திருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்று நான் நூல்கண்டிடம் கேட்டேன். அவளும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவளுடைய அம்மா துணி வாங்கப் போன ஒரு மத்தியானம் பொம்மையை ஒரு துண்டில் சுற்றிக் கீழே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நீ பாத்துட்டு சொல்லு" என்று சொல்லிவிட்டு மேலே ஓடிவிட்டாள். கேட்காமல் தானாகக் கொடுத்த பொம்மை. சட்டப்படி நான் தொடலாம்.

என் அப்பா தொட்டி கழுவ மொட்டைமாடிக்குப் போயிருந்தார். பம்ப் ரூமில் உட்கார்ந்து பொம்மையின் தலையைத் திருகி இழுத்தேன், ரப்பர் கயிற்றோடு கழன்று வந்தது. கழுத்து ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு கம்பி, கம்பியிலிருந்து கீழ்நோக்கி ஒரு கொக்கி, கொக்கியின் நுனியில் பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஈயக் கட்டி. தலையைச் சாய்த்தால் தலைதான் சாய்கிறது, கட்டி தன் பாட்டுக்கு நேர் கீழே தொங்குகிறது, இமை உருண்டு மூடிக்கொள்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ பிறந்தபோது வந்ததைத் தவிர அதற்கு ஈடாக எதுவும் எனக்கு வந்ததில்லை. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று அப்பாவின் திருப்புளியை உள்ளே விட்டு நெம்பினேன், கம்பி ஒரு பக்கம் குழியை விட்டு நழுவிவிட்டது. தலையை மாட்டிப் படுக்க வைத்தேன், இடது கண் மூடியது, வலது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தட்டினாலும் மூடவில்லை. துண்டில் சுற்றி ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளறையில் அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பொம்மையை மேசை மேல் சுவரைப் பார்த்த மாதிரி உட்கார வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அவளுக்கு அடி விழுந்தது. துணி அளக்கும் கோலால் அடித்தார்கள், படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நான் படியில் நின்று என் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் அழுதுகொண்டே "நான்தான் படியில போட்டுட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் ஐந்தாம் மாடிக்குப் போகவே இல்லை. அப்பா கூப்பிட்டாலும் வயிற்று வலி என்பேன். இரண்டு மூன்று தடவை அவள் கீழே வந்து பம்ப் ரூம் வாசலில் நின்றாள், நான் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த வருஷம் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். அவள் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் ஐம்பத்தாறு வருஷமாக எனக்கு விளங்காமலே இருந்தது. பயமா, பாவம் பார்த்தாளா, இல்லை உண்மையிலேயே அவளும் ஒரு தடவை படியில் போட்டாளா என்று எப்படியெல்லாமோ யோசித்திருக்கிறேன்.

இப்போது லிஃப்டுக்கு வா. நான் பொம்மைக் கதையைச் சொல்லி முடித்ததும் உள்ளே மூச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் "அப்படியா?" என்பார்கள். இந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மயக்கம் வந்துவிட்டதோ என்று எனக்குத்தான் படபடப்பு. பிறகு மெதுவாக, "அந்தப் பொம்மை யாரோடதுங்க?" என்று கேட்டார். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடித் தையல்காரம்மாவின் மகளுடையது என்றேன். அப்புறம் கதவுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து, அந்தக் குரல் சின்னதாகி, "மோட்டாரா நீ?" என்றது.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கதை கட்டுகிறாள் என்று நினைக்காதே, காவலாளியைக் கேட்டால் சொல்வார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். மாட்டிக்கொண்டது நானா அவளா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். வாயைத் திறந்து "என்னை மன்னிச்சுடு" என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "அது இருக்கட்டும். இப்பச் சொல்லு, அந்த எடை பாக்க எப்படி இருந்துச்சு?" என்றாள். பட்டாணி அளவு ஈயக் கட்டி, கொக்கியில் தொங்கியது என்றேன். "அவ்வளவுதானா?" என்றாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக நின்று ஒருத்தி அப்படிச் சிரித்ததைக் கேட்டு, கூட்டத்தில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள், "நான் என்னென்னமோ நினைச்சு வச்சிருந்தேன். உள்ளே தண்ணி இருக்கும்னு நினைச்சேன். சின்னதா ஒரு கடிகாரம் இருக்கும்னு நினைச்சேன். நீ வந்து சொல்லுவன்னு எத்தனை நாள் பாத்தேன் தெரியுமா? பம்ப் ரூம் வாசல்ல வந்து நின்னது அதுக்குத்தான்."

அவள் சண்டைக்கு வந்து நின்றாள் என்று நினைத்து நான் ஒளிந்திருக்கிறேன். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பது போலச் சொன்னாள், "உன் பேரைச் சொன்னா அம்மா கட்டடத்துக்காரர்கிட்ட போவாங்க. உங்க அப்பாவுக்கு வேலை போகும். அப்புறம் நீங்க எங்க போய் இருப்பீங்க?" எட்டு வயதுப் பிள்ளை, கையில் கோலடி விழும்போது இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். அவளுடைய அப்பா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். அடுத்த தடவை வந்தவர் பொம்மையைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, ஒரு கண்ணு தூங்கட்டும், ஒரு கண்ணு வீட்டைப் பாத்துக்கட்டும்" என்றாராம். பொம்மை இப்போது இல்லை. பத்து வயதில் அதைப் புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பிள்ளைக்கு ஒற்றைக் கண் மட்டும் ஏன் மூடுகிறது என்று எவ்வளவு யோசனையாக இருந்திருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம்.

மெக்கானிக் வந்து, மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைத் தரைக்கு இறக்கினார். கதவு திறந்தது. நரைத்த முடி, கனமான கண்ணாடி, தோளில் பை, தெருவில் எதிரே வந்திருந்தால் வழிவிட்டுப் போயிருப்பேன், அவ்வளவு தெரியாத முகம். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள். நான் மறுபடி மன்னிப்புக்கு வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனால் முகத்தில் சிரிப்பில்லாமல், "மன்னிப்பை வச்சு நான் இப்ப என்ன பண்ணப் போறேன். கண்ணு போனதுல எனக்குக் கோபமே இல்ல. நீ பாத்துட்ட, எனக்குச் சொல்லாம விட்டுட்ட, அதுதான் ரொம்ப நாள் கோபம்" என்றாள். நம்பர் வாங்கிக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். நான் சான்றிதழைத் திருத்தாமலே வீட்டுக்கு வந்தேன்.

உன் அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான். "நம்ம பொண்ணை அந்தப் பல் டாக்டர் வீட்டு வாசல்ல நிக்க வச்சியே, அன்னைக்கு இது உனக்கு ஞாபகம் வரலயா?" அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் அது அப்படி வலித்தது.

உனக்கு ஒன்பது வயது. உன்னுடைய பள்ளிப் பையில், கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வருகிற ஒரு சின்னப் பெட்டி இருந்தது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பல் டாக்டர் மகளுடையது. நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவர்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது மணியடித்து, அத்தனை பேர் முன்னாலும் உன்னை நிறுத்தி, "நான் எடுத்தேன், இனிமே எடுக்க மாட்டேன்" என்று சொல்ல வைத்தேன். நீ சொன்னாய். திரும்பி வரும்போது அழவில்லை, எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாய். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாய். என்ன அடக்கமான பிள்ளை என்று எல்லாரும் சொல்லும்போது நான் பெருமைப்பட்டிருக்கிறேன். உன் மாமியார்கூட அதைத்தான் முதலில் சொன்னார். அப்பா கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். ஞாபகம் வந்தது. உன் கையைப் பிடித்து அந்தப் படியேறும்போது எனக்குப் பொம்மை நன்றாக ஞாபகம் வந்தது. ஐந்தாம் மாடி ஏறியும் நான் சொல்லாததை நீயாவது சொல்லட்டும் என்று நினைத்தேன். என் பயத்துக்கு உன்னை வாசலில் நிறுத்தினேன், அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்கச் சொன்னது சரி. அதை நாம் இரண்டு பேரும் தனியாகப் போய்ச் செய்திருக்கலாம். போகும் வழியில் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்கிறேன். இருபத்தைந்து வருஷம் தாமதம், ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பெட்டியை நீ ஏன் எடுத்துக்கொண்டு வந்தாய்? பாட்டைக் கேட்கவா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவா? திறந்து பார்த்தாயா, அதற்குள் நான் பிடுங்கிவிட்டேனா? திறந்திருந்தால் உள்ளே என்ன இருந்தது? எனக்குக் கோபம் இல்லை, பயமும் இல்லை, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல் இருங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பிடித்ததை "இதைக் கொஞ்சம் பாக்கலாமா" என்று கேட்டு, கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனசு உனக்கு வரட்டும் என்பது என் ஆசீர்வாதம். குளிருக்கு முன்னால் அந்த நாள்பட்ட இருமலை டாக்டரிடம் காட்டு, மறக்காதே. பதிலில் மற்ற எதை விட்டாலும் பெட்டி விஷயத்தை விட்டுவிடாதே. போனில் வேண்டாம், எழுது. நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

இப்படிக்கு,
கேட்க வேண்டியதைத் தாமதமாகக் கேட்கும்
உன் அம்மா